தோட்டத்தில் நட்ட கல்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதத்துக் காலையில், பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்புக்கு நான்கு பேர் வந்தனர். ஒருவர் மூன்று கால் தாங்கியின்மேல் வைத்துப் பார்க்கும் கருவியைச் சுமந்து வந்தார். இன்னொருவர் கையில் நுனியில் காளான் போன்ற குமிழ் பொருத்திய நீண்ட கழி இருந்தது. மூன்றாமவரிடம் காகிதச் சுருள். நான்காமவர் தலையில் கல். கிணற்றுக்கு மேற்கே பன்னிரண்டு தப்படி தள்ளிக் குழி தோண்டிக் கல்லை நட்டு, அதன் தலையில் வண்ணம் பூசி, ஓர் எண்ணையும் எழுதினார்கள். பெரியப்பா நால்வருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். "ரோடு வருதுங்களா?" என்று கேட்டார். கல் சுமந்து வந்தவர், "ஆமாங்க பெரியவரே" என்றார்.

சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். மகனுக்கு முகப்பில் ஒரு கடை வைத்துக் கொடுக்கலாம். அன்று மாலையே பெரியப்பா கடைக்குப் பெயர்கூட யோசித்துவிட்டார். ஆனால் அந்தக் கல் சாலைக்கு நட்ட கல் அன்று; பூமிக்கடியில் எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக நட்டது. கல் சுமந்து வந்த கூலியாளுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்து கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்.

இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவன், மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாதவன், நில அளவையைப் பற்றி எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது வேறு குடும்பங்களுக்கு நேரக்கூடாது என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டிற்று. பிழைப்பை நாடி மலைக்கு இப்பால் வந்து, இரண்டு தலைமுறை உழைத்து நாற்பது ஐம்பது சென்ட் வாங்கிப் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரையிலும், அப்பால் உடும்பஞ்சோலை, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் எத்தனையோ உள்ளன. சாலையும் குழாயும் மின்கம்பியும் இரு மாநிலத்துக்கும் இடையே செல்லும்போது இந்த எல்லைப் புறத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆகவே கல் நம் வாசலுக்கு வருவது புதுமையன்று.

முதலில் அறிய வேண்டியது இது. கல் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். அதன் பின்னால் நிற்கும் சட்டம் மூன்று விதம்.

தேசிய நெடுஞ்சாலைக்காக நட்ட கல்லானால், 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலமே நம்மை விட்டுப் போகிறது. பாலக்காட்டு மருதரோட்டிலிருந்து கோழிக்கோட்டுப் பந்தீராங்காவு வரை 121 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட புதுச் சாலைக்கு 45 மீட்டர் அகலம் குறிக்கப்பட்டது. அந்த அகலத்துக்குள் அகப்பட்டது வீடானாலும் தோப்பானாலும் சாலைக்கு உரியதாகிறது. நஷ்டஈடு 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தின் கணக்கில் வரும். சந்தை மதிப்பு, கிராமப்புறமாயின் அதை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்குதல், வந்த தொகைக்குச் சரிசமமாக ஆறுதல் தொகை என்று அது கூடும்.

எரிவாயு, பெட்ரோலியக் குழாய்க்கான கல் 1962-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தைச் சேர்ந்தது. இதில் நிலம் நம் பெயரிலேயே இருக்கும். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் சர்க்காருக்குப் போகும். குழாயை ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பதித்து, மண்ணை மூடி, நிலத்தை நம்மிடமே விட்டுவிடுவார்கள். முன்போல் பயிர் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் கட்டிடம் எழுப்பலாகாது, கிணறோ குளமோ வெட்டலாகாது, மரம் நடலாகாது. இதற்குச் சட்டம் விதிக்கும் ஈடு சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. வெட்டுப்பட்ட மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் தனியே உண்டு. குடியிருக்கும் வீடு, நிரந்தரக் கட்டிடம், வீட்டை ஒட்டிய மனை ஆகியவற்றின் அடியில் குழாய் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த ஒரு வரியைப் பலர் அறியார்.

மின்கோபுரத்துக்கு நட்ட கல்லின் கதை இன்னும் வேறு. நெடுங்காலமாக மின்பாதை அமைப்போர் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டே நிலத்துக்குள் நுழைந்து வந்தனர். நிலத்தை எடுப்பதில்லை, உரிமையையும் வாங்குவதில்லை. நட்டத்துக்கு மட்டும் பணம். 2015-இல்தான் மத்திய மின்துறை அமைச்சகம், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பியின் கீழ்ப்பட்ட பட்டைக்கு 15 விழுக்காடு வரையும் தரலாம் என்று நெறிமுறை வகுத்தது. 2024 ஜூனில் அவை முறையே 200, 30 என உயர்ந்தன. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2000 மெகாவாட் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் பாதை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழ்நாட்டு வயல்களின்மேல் கம்பியாக வரும் அப்பாதை, வடக்கஞ்சேரியில் இறங்கி, ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தூரம் சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகச் செல்கிறது. கேரளத்தில் கோபுரம் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு அருமை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

மூன்றுக்கும் உள்ள வேற்றுமையை ரூபாயில் பார்த்தால்தான் உறைக்கும். பெரியப்பாவின் தோப்பில் கல்லுக்குக் கல் அளந்தபோது பட்டையின் நீளம் 80 மீட்டர், அகலம் 10 மீட்டர். 800 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் பத்தொன்பதே முக்கால். ஒரு சென்ட் ஐம்பதாயிரம் ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். சாலைக்குப் போயிருந்தால், பெருக்கும் எண்ணைச் சேர்க்காமலே, ஆறுதல் தொகையோடு ரூ. 19,75,000. மின்கம்பிக்கு 2015-ஆம் ஆண்டு நெறிமுறையில் மிகுதியாகப் போனால் ரூ. 1,48,125. குழாய்க்குச் சட்டப்படி ரூ. 98,750. மண் ஒன்றே, மேலே நட்ட கல்லும் ஒன்றே. "ரோடு வருதுங்களா?" என்ற கேள்விக்கு வந்த பதிலை நம்பிக் கடைக்குப் பெயர் வைத்தவர் எவ்வளவு ஏமாந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

குழாய் விஷயத்தில் மலைக்கு இருபுறமும் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. கொச்சியிலிருந்து கூற்றநாடு வந்து, அங்கிருந்து ஒரு கிளை மங்களூருக்கும் ஒரு கிளை வாளையாறு வழியே தமிழ்நாட்டுக்கும் செல்வதாகக் கெயில் நிறுவனம் வகுத்த திட்டம் அது. கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்து உழவர்கள், வயலைக் கிழிக்க வேண்டா, நெடுஞ்சாலை ஓரமாகப் போங்கள் என்றனர். 2013-இல் தமிழக அரசும் அதையே சொல்லிற்று. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2016 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் மனுவைத் தள்ளிவிட்டது. இங்கே கேரளத்தில் 2017 நவம்பரில் முக்கம் பகுதியில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் அரசு நியாய விலையை இரட்டித்துக் கணக்கிடுவதாகவும், பயன்படுத்தும் அகலத்தை 20 மீட்டரிலிருந்து 10 மீட்டராகச் சுருக்குவதாகவும், பத்து சென்ட்டுக்கு மேற்படாத நிலமுடையவருக்கு இரண்டு மீட்டர் அகலம் மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து லட்சம் ரூபாய் உதவித்தொகை தருவதாகவும் அறிவித்தது. கொச்சி மங்களூர்க் குழாய் 2021 ஜனவரி 5-இல் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தில் கிடைக்காத ஒரு பகுதி பேச்சில் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பேச்சில் பங்கு பெறவும், கையில் சரியான தஸ்தாவேஜு வேண்டும்.

அதில்தான் நாங்கள் தவறினோம்.

கல் நடுவதற்குப் பல மாதம் முன்னரே பெரியப்பா வீட்டுக்கு ஒரு நோட்டீசு வந்திருந்தது. அது என் தாத்தாவின் பெயருக்கு வந்தது. தாத்தா காலமாகி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கிணறு வெட்டும் வேலைக்கு வந்தவர், கூலியில் மிச்சம் பிடித்து 62 சென்ட் கிரயம் வாங்கினார். அவருக்குப் பின் மக்கள் மூவரும் ஒற்றுமையாக இருந்தமையால் பாகம் பிரிக்கவில்லை, பெயரும் மாற்றவில்லை. ஆண்டுதோறும் தாத்தாவின் பெயரிலேயே கரம் கட்டி ரசீது வாங்கி வந்தோம். நோட்டீசு மலையாளத்தில் இருந்தது. பெரியப்பா மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத்து அறியார். ஏதோ கர நோட்டீசு என்று எண்ணித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆட்சேபம் சொல்ல விரும்புவோர் 21 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்பது அதில் இருந்தது. நெடுஞ்சாலைச் சட்டத்திலும் அதே 21 நாள்தான். பெட்டியை நான் திறந்து படித்தபோது அந்த நாட்கள் எப்போதோ கழிந்திருந்தன.

ஆட்சேபம் சொன்னால் குழாயே வராமல் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தோப்பின் மேற்கு எல்லையில் மரமில்லாத ஒரு பட்டை இருந்தது. பாதையைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அப்பால் தள்ளக் கேட்டிருக்கலாம். காகிதத்தில் கோடு போடும் நிலையில் அது பேசத்தக்க விஷயம். கல் நட்டபின் அடுத்த தோப்பு, அதற்கடுத்த தோப்பு என்று கோடு முழுவதையும் அசைக்க வேண்டும். காய்ப்பிலிருந்த பதினொரு தென்னைகள் போயின. ஒவ்வொன்றும் பெரியம்மா தோண்டியில் நீர் சுமந்து வளர்த்தது.

பணம் வாங்கப் போனபோது அடுத்த சிக்கல் வந்தது. பதிவேட்டில் உள்ளவர் இல்லை; இருப்பவர்கள் பதிவேட்டில் இல்லை. வாரிசுச் சான்று, பின்னர் இங்கே போக்குவரவு என்று வழங்கும் பெயர் மாற்றம், புதிய தண்டப்பேர் எண் என்று அலைந்ததில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு போயிற்று. ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு இரண்டு முறை காணாமற் போனது. அதன் பெயர் இங்கு வேண்டா. சித்தப்பாவின் மகன் ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு திங்கள் காத்திருந்தோம். இதை வாசிப்போரில் எவர் வீட்டிலாவது கரம் கட்டிய ரசீது காலமானவர் பெயரில் இருக்குமானால், கல் வரும்வரை காத்திராமல் இந்த மாதமே வில்லேஜ் ஆபீஸ் சென்று போக்குவரவுக்கு மனுக் கொடுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். சிறுபான்மை மொழிப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள மாநில அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதவும், தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும் உரிமைகளுள் இதுவும் ஒன்று.

அளவையாளர் எவ்வாறு அளக்கிறார் என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டும். எங்கள் இரயில்வேயில் ஒரு பாலமோ வளைவோ எங்கே இருக்கிறது என்பதை இன்றும் 'செயினேஜ்' என்றே குறிக்கிறோம். சங்கிலி போட்டு அளந்த காலத்துச் சொல் அது. அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் சரியாகப் பத்து சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் ஓர் ஏக்கர். நம் தாத்தாமார் சென்ட் என்று சொன்னபோதெல்லாம் இந்தச் சங்கிலியைத்தான் சொன்னார்கள். இழுத்து இழுத்துச் சங்கிலி நீளும். மேடு பள்ளத்தில் தொய்யும். ஆகையால் பழைய அளவில் சிறு பிழைகள் இருப்பது இயல்பு.

இந்த எல்லைப் புறத்தில் அதற்குமேல் ஒரு தொல்லையும் உண்டு. 1956 நவம்பர் வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்துச் சித்தூர் வட்டம் கொச்சி இராச்சியமாக இருந்தது. இடுக்கி மலைகள் திருவிதாங்கூர். மூன்று அரசு, மூன்று பதிவேடு. திருவிதாங்கூரையும் கொச்சியையும் 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு துரைமார் அளந்து படமெழுதினார்கள். அவர்களுக்குச் சற்று முன்னர், 1802-இல், லாம்டன் சென்னையில் அடிக்கோடு அளந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே அளந்து வந்தார். அந்த வேலையின்போது 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றிய பெருங்கருவி கயிறு அறுந்து மோதிப் பழுதுபட்டதும், அதை அவர் கூடாரத்தில் அடைந்து கிடந்து தம் கையாலேயே சீர் செய்ததும் தனிக் கதை.

இன்று காளான் குமிழ் வைத்த அந்தக் கழியே சங்கிலியின் வேலையைச் செய்கிறது. வானிலுள்ள செயற்கைக் கோள்களின் குறிகளை அது வாங்குகிறது; நிலையாக நிறுத்திய வேறொரு நிலையம் அக்குறிகளில் உள்ள பிழையை உடனுக்குடன் திருத்தி அனுப்புகிறது. இடம் சில சென்டிமீட்டருக்குள் துல்லியமாகத் தெரிந்துவிடும். கேரள அரசு 2022 நவம்பர் 1 முதல் இம்முறையில் மாநிலம் முழுவதையும் மறு அளவை செய்யத் தொடங்கியது. கருவி துல்லியமானது, ஆனால் எது எல்லை என்று அதற்குத் தெரியாது. வேலி இருந்தால் வேலியை அளக்கும். வரப்பு இருந்தால் வரப்பை அளக்கும். எங்கள் ஆதாரத்தில் 62 சென்ட். கருவியில் வந்தது அறுபதே சொச்சம். பக்கத்துக்காரர் வேலியை நகர்த்திவிட்டார் என்று பெரியப்பா சண்டைக்குப் போனார். பிறகு பழைய புலப்படத்தைப் பார்த்ததில், தாத்தாவே நடைபாதைக்காக வேலியை உள்ளே போட்டிருந்தது தெரிந்தது. அளக்கும் நாளில் நாம் அங்கே நிற்க வேண்டும். எல்லையைக் காட்ட வேண்டும். அளந்தபின் படத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். மரங்களை எண்ணுவதும் அப்படியே. எண்ணும்போது பக்கத்தில் இல்லாதவரின் பலா கணக்கில் வராமல் போய்விடக்கூடும்.

கல்லைப் பிடுங்கி எறிவதால் பயனுண்டா என்று சிலர் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்கு 530 கிலோமீட்டர் அதிவேக இரயில் பாதைக்காக நட்ட மஞ்சள் கற்களை 2022-இல் மக்கள் ஊருக்கு ஊர் பிடுங்கினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அரசு, கல் நடாமலே செயற்கைக் கோள் வழியாக இடம் குறிக்கலாம் என்றது. இரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்தத் திட்டத்தைப் பற்றி என் கருத்தை இங்கே சொல்லாமல் விடுகிறேன். ஒன்று மட்டும்: கல் இல்லாவிட்டாலும் கோடு படத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் கல்லாவது எச்சரிக்கை செய்தது.

இடுக்கிப் பக்கத்து நிலைமை இதனினும் கடினம். சென்ற ஆண்டு என் மனைவியின் அத்தை வீட்டுக்குப் போடி வழியாக மூணாறு சென்றேன். போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் இரயில் வந்தது எங்களைப் போன்றோருக்குப் பெரும் சௌகரியம். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை நெடுஞ்சாலையை அகலப்படுத்தி முடித்து 2024 ஜனவரியில் திறந்திருக்கிறார்கள். சாலை நன்றாக இருக்கிறது; ஆனால் கேப் சாலைப் பகுதியில் மலையை வெட்டிய இடத்தில் 2019-லும் 2020-லும் சரிந்து விழுந்த பாறைகளின் தழும்பைப் பார்த்தால் வயிறு கலங்கும். மூணாற்றில் ஒரு காலத்தில் எங்கள் இனத்து வண்டியும் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதையான குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று.

அத்தை குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறது. அங்கே அளவையாளர் வந்தால் அத்தையிடம் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காரணமும் அவருக்கு இல்லை. புல எண் எதிலும் அத்தையின் பெயர் இல்லை. கண்ணன் தேவன் மலை நிலங்களை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு உரியதாக்கி, தேயிலைக்கு வேண்டியதைக் கம்பெனியிடம் விட்டது. அந்த ஏற்பாட்டில் லயத்து வாசிக்கு வேலை இருக்கும் வரை கூரை உண்டு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டபோது, அத்தனை தலைமுறை வாழ்ந்தும் ஒரு சென்ட் சொந்தமில்லாதவர்கள் அவர்கள் என்பதை ஊரறிந்தது.

ஏலமலைப் பக்கம் குடியேறியவர்களுக்கு வேறு கேள்வி: பட்டயம் உண்டா? 1977 ஜனவரி 1-க்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டயம் வழங்க 1993-இல் விதி செய்யப்பட்டது. பட்டயம் இல்லாதவரின் நிலத்தில் சாலைக் கல் விழுந்தால், நிலத்துக்குப் பணம் கேட்பது பெரும்பாடு. ஆயினும் கை விரித்துவிட வேண்டாம். நிலம் சொந்தமில்லாவிட்டாலும், எடுக்கப்படும் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக வாழ்வோ பிழைப்போ நடத்திய கூலியாள், வாரதாரர் முதலியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணுகிறது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் ரசீது, தோட்டத்துச் சேமநிதிப் புத்தகம் ஆகியவை அந்த மூன்று ஆண்டைச் சொல்லும் சாட்சிகள். அத்தையிடம் எல்லாம் இருந்தன. அடுப்பங்கரைப் பலகையில், புகை படிந்து. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு முடிவில் பணம் வந்தது. மூன்று பங்காகப் பிரிந்தது. குழாய் பதித்த பட்டையில் இப்போது புல் முளைத்துப் பசு மேய்கிறது. கல் இருந்த இடத்துக்கு அருகில் எச்சரிக்கைப் பலகை ஒன்று நிற்கிறது. மரம் நடலாகாது என்பது சரி. வாழை வைக்கலாமா என்று பெரியப்பா கேட்கிறார். வாழை மரமா, பயிரா? ஓர் உத்தியோகஸ்தர் மரம் என்றார். மற்றொருவர் பயிர் என்றார். மூன்றாமவர் எழுதிக் கொடுங்கள், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். சென்ற வாரம் தமிழில் ஒரு மனு எழுதிப் பெரியப்பாவின் கையொப்பம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். அது வரும்வரை நேந்திரன் கன்றுகள் ஐந்தும் கிணற்றடியில் ஈரச் சாக்கு சுற்றிக் காத்திருக்கின்றன.